மனைக்கு அடியில பழைய ஊர் இருந்தா? வீட்ட இடிச்சு மாடி கட்டுறதுக்கு முன்னாடி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், நாகப்பட்டினம்னு டெல்டா டவுன் எதுல போய் நின்னாலும் இப்ப ஒரே காட்சிதான். ஓட்டு வீட்ட இடிக்கிறாங்க, ஜேசிபி வந்து எட்டடி நோண்டுது, அடுத்த வருசம் அங்க நாலு மாடி நிக்குது. நான் தொல்லியல் படிச்சுட்டு ஏழெட்டு சீசன் அகழாய்வுக் குழியில உக்காந்து மண்ணு சுரண்டினவன். இப்ப கும்பகோணத்துல குடும்பத்தோட இருக்கேன், ரெண்டு வருசம் முன்னாடி எங்க வீட்டையே பங்காளிங்க சேந்து இடிச்சுக் கட்டினோம். அதுலேர்ந்து கல்யாண வீட்டுல பாத்தாலும் டீக்கடையில பாத்தாலும் இதே கேள்விங்கதான், ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் ஒரே எடத்துல எழுதிப் போடுறேன்.

தொல்லியல்னா கீழடி மாதிரி தென்னந்தோப்புல தானே சார்? டவுனுக்குள்ள என்ன இருக்கப்போவுது?

டவுனுக்குள்ளதாங்க நெறைய இருக்கு. கொஞ்சம் மேடான எடம், கூப்பிடு தூரத்துல ஆறு, வெள்ளம் வந்தாலும் வாசப்படி ஏறாது, இதெல்லாம் பாத்துத்தான் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் குடி வந்தான், அதே காரணத்துக்காகத்தான் நாமளும் அந்த மேட்ட விட்டு எறங்காம இருக்கோம். ஒரு வீடு விழுந்தா அது மேலயே அடுத்த வீடு, அது விழுந்தா அதுக்கு மேல இன்னொன்னு.

திருச்சி உறையூர எடுத்துக்குங்க. 1960கள்ல சென்னைப் பல்கலைக்கழகத்துலேர்ந்து டி.வி. மகாலிங்கம் தலைமையில அங்க தோண்டினாங்க, கறுப்பு சிவப்பு பானை, தமிழி, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்து கீறின ஓடு, துணிக்குச் சாயம் போடுற தொட்டின்னு சொல்ற செங்கல் தொட்டி எல்லாம் வந்துச்சு. சங்ககாலச் சோழனோட தலைநகர். இன்னிக்கு அங்க போய் பத்துக்குப் பத்து அடி காலி எடம் தேடிப் பாருங்க, வீட்டு மேல வீடா இருக்கும். நாகப்பட்டினத்துல வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு பக்கம் 1856லேர்ந்து 1930கள் வரைக்கும் விட்டு விட்டு சுமார் 350 புத்த வெண்கலங்க கிடைச்சிருக்கு. பெரும்பாலும் வேற எதுக்கோ வெட்டும்போது புதையலா வந்ததுதான், அதனால சிலை மியூசியத்துல பத்திரமா இருக்கு, ஆனா எந்த அடுக்குல கிடந்துச்சு, பக்கத்துல சுவர் இருந்துச்சா, யாரு எப்ப ஒளிச்சு வச்சான்ற கதை போயே போச்சு. சூடாமணி விகாரம்ன்ற பழைய புத்த மடத்தோட மிச்சம்னு நின்ன செங்கல் கோபுரத்தையும் 1867ல இடிச்சுட்டாங்க.

எங்க மனைக்குக் கீழ ஏதாச்சும் இருக்கான்னு தோண்டாமலே தெரிஞ்சுக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும், அதுக்குக் காசே தேவையில்ல.

முதல்ல ஊர் பேரு, தெரு பேரு, கொல்லை பேரு. மாளிகைமேடு, கோட்டைமேடு, நத்தமேடு, திடல், திட்டுன்னு வந்தா காத தீட்டிக்கணும். கும்பகோணத்துக்குப் பக்கத்துல பழையாறைய சுத்தி சோழன்மாளிகைன்னே ஒரு ஊரு இருக்கு, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர்னு நாலு படையூர் வேற இருக்கு, சோழர் படை தங்கின எடம்னு சொல்வாங்க. கங்கைகொண்ட சோழபுரத்துல அரண்மனை அடித்தளம் வந்த எடத்துக்குப் பேரே மாளிகைமேடுதான். ஊர்க்காரன் மறந்தாலும் பேரு மறக்கறதில்ல.

அடுத்து பத்திரம், பட்டா, எப்எம்பி ஸ்கெட்ச்ன்ற நில அளவைப் படம், பழைய ஏ ரெஜிஸ்டர்ன்ற கிராம நிலப் பதிவேடு. கிராம நத்தம்னு இருந்தா அது எப்பவோ குடியிருப்புன்னு முடிவான எடம். தெருவிலேர்ந்து உங்க கொல்லை எவ்வளவு ஒசரம்னு பாருங்க, சுத்தி இருக்குற வயலோட மட்டத்த விட ஊர் எத்தன அடி ஒசரம்னும் பாருங்க. ஒசரம்னா அது யாரோ குடியிருந்து குடியிருந்து சேத்த மண்ணா இருக்கலாம்.

மூணாவது விசயம் யாரும் யோசிக்கிறதே இல்ல, சாயில் டெஸ்ட் ரிப்போர்ட். மாடி கட்டணும்னா இன்ஜினியர் போர் போட்டு மண்ணு எடுத்து அனுப்புவாரு இல்ல, அந்த ரிப்போர்ட்ல எட்டடி ஆழம் வரைக்கும் நிரப்பின மண்ணு, செங்கல் துண்டு, கரித்துண்டுன்னு எழுதியிருந்தா இன்ஜினியருக்கு அது மோசமான மண்ணு, எங்களுக்கு அதுதான் ஊரு. சாம்பிள் டப்பாவத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி வாங்கிப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் வெட்டினப்ப என்ன வந்துச்சுன்னும் விசாரிங்க, அதுவும் ஒரு ரிப்போர்ட்தான்.

இன்னொன்னு, மேல ஒண்ணும் தெரியலன்னா கீழயும் ஒண்ணும் இல்லன்னு நெனைச்சுடாதீங்க. நம்ம பக்கம் காவிரி, அரசலாறு, கொள்ளிடம் எல்லாம் வருசா வருசம் வண்டல் கொண்டாந்து கொட்டின பூமி, பழைய தரை பத்தடிக்குக் கீழ கூட தூங்கிட்டு இருக்கும்.

ரேடார் மெஷின் வச்சு ஸ்கேன் பண்ணிட்டா போச்சே?

யூடியூப்ல பாத்துட்டுக் கேக்குறீங்க, தெரியுது. மணல் பாங்கான, காஞ்ச எடத்துல அந்த மெஷின் நல்லா வேலை செய்யும். டெல்டா களிமண்ணுல, அதுவும் ஈரம் இருக்கும்போது சிக்னல் கொஞ்ச ஆழத்துலயே செத்துடும். டவுன்னா போதாக்குறைக்கு பழைய பைப்பு, கம்பி, கேபிள் எல்லாம் குறுக்க வரும். இங்க கடைசியில கரணையும் தூரிகையும்தான்.

அப்ப நாமளே ஒரு குழி வெட்டிப் பாக்கலாமா?

வேணாம். வீடு கட்ட அஸ்திவாரம் வெட்டுறது உங்க உரிமை, பழைய பொருள் தேடி வெட்டுறது வேற. தொல்லியல் அகழாய்வுக்கு மத்திய தொல்லியல் துறை லைசென்ஸ் வேணும், மாநில அரசே தோண்டணும்னாலும் அனுமதி வாங்கித்தான் தோண்டுது. சட்டத்த விடுங்க, பழகாத கை வெட்டினா ஒரு குழி நாசம், அவ்வளவுதான். வெட்டினத திருப்பி ஒட்ட முடியாது.

நீங்க பண்ணக்கூடியது, அஸ்திவாரம் வெட்டும்போது பக்கத்துல நின்னு பாக்குறது. வெட்டுறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம குழியோட சுவத்தப் பாருங்க, போட்டோ எடுங்க, வித்தியாசமா ஏதாச்சும் வந்தா நிறுத்தச் சொல்லி தகவல் குடுங்க.

சட்டப்படி பில்டர் கட்டாயமா ஆய்வு பண்ணித்தான் கட்டணுமா?

பொதுவா நம்ம நாட்டுல அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. இது பெரிய ஓட்டைன்னுதான் நான் சொல்லுவேன்.

இருக்குறது என்னன்னா 1958ம் வருசத்து மத்திய சட்டம், 2010ல திருத்தினது. மத்திய அரசு பாதுகாக்குற சின்னம், அதாவது தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம் மாதிரி எடங்கள்ல அதோட எல்லையிலேர்ந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாது, அதத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். மீறினா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். மனை வாங்கும்போதே இத பாத்துக்குங்க, முன்பணம் குடுத்துட்டு தலையில கை வச்ச ரெண்டு பேர எனக்கே தெரியும். மாநில அரசு பாதுகாக்குற எடங்களுக்கு 1966ல போட்ட தனிச் சட்டம் இருக்கு.

இந்த வட்டத்துக்கு வெளிய இருக்குற சாதாரணத் தெருவுக்கு ஒண்ணும் இல்ல. கோயிலச் சுத்தி 300 மீட்டருக்கு ஆயிரம் கண்ணு, அந்தக் கோயில கட்டினவன் குடியிருந்த தெரு 400 மீட்டர்ல இருந்தா கேக்க ஆளில்ல.

இங்கிலாந்துல 1989ல லண்டன்ல ஆபீஸ் கட்டடம் கட்ட தோண்டின எடத்துல ரோஸ் தியேட்டர்ன்ற பழைய நாடகக் கொட்டகையோட அடித்தளம் வந்துச்சு, பெரிய ரகளை, நடிகருங்க எல்லாம் வந்து மறிச்சாங்க. அடுத்த வருசமே 1990ல ஒரு வழிகாட்டு விதி வந்துச்சு: கட்ட அனுமதி கேக்குறப்பவே கீழ என்ன இருக்குன்னு பாக்கணும், ஆய்வுச் செலவு கட்டுறவரோடது. அங்க மொதல்ல ஆவணத்தத் தேடுவாங்க, அப்புறம் அங்கங்க சோதனைக் குழி, முக்கியமா ஏதாச்சும் இருந்தா முழு ஆய்வு, இல்ல அஸ்திவார டிசைன மாத்தி கீழ இருக்குறத அப்படியே விட்டுடுவாங்க. இங்க அந்த மாதிரி வந்தா நல்லாருக்கும், ஆனா செலவ முழுசா தனி வீட்டுக்காரன் தலையில கட்டினா எல்லாரும் ராத்திரியோட ராத்திரியா வெட்டி மூடிடுவான், அதையும் யோசிக்கணும்.

ஆய்வுன்னா உண்மையில என்ன பண்ணுவாங்க?

எடத்த கட்டம் கட்டமா கயிறு கட்டிப் பிரிப்பாங்க. ஒவ்வொரு குழியையும் அடுக்கடுக்கா எறக்குவாங்க, மண்ணோட நிறம் மாறினா, கெட்டி மாறினா அது புது அடுக்கு, நம்பர் போட்டு அதுல வந்த பொருளுக்கெல்லாம் அந்த நம்பர எழுதி தனித்தனிப் பையில போடுவாங்க. வெட்டின மண்ண சல்லடையில சலிப்பாங்க, மணி, மீன் முள்ளு, நெல்லு கரி எல்லாம் அதுலதான் மாட்டும். குழியோட நாலு சுவத்தையும் அளவெடுத்து வரைவாங்க. இதுல தங்கம் தேடுற வேலையே கிடையாது, பாதி நாள் ஓட்டக் கழுவி காய வைக்கிறதுலயே போகும்.

எங்க வீட்டுக் கதைய சொன்னா புரியும். ரெட்டைக்கட்டு வீடு, முத்தம், பின்கட்டு, கொல்லையில கிணறு, காவிரிக்குப் போற சந்துல இருந்துச்சு. லிப்ட்டுக்குக் குழி வெட்டினப்ப நான் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன், பங்காளி எல்லாம் என்னைய கிறுக்கன் மாதிரிதான் பாத்தாங்க. மேல ஒன்றரை அடி வெறும் குப்பை, பிளாஸ்டிக், சிமெண்ட் கட்டி, கோலி சோடா குண்டு ஒண்ணு. அதுக்குக் கீழ சுண்ணாம்புக் காரையோட மெல்லிசு செங்கல், சுண்டு விரல் நீளத்துக்குக் கூட கனம் இல்ல, தாத்தாவுக்குத் தாத்தா கட்டின வீடா இருக்கலாம். அதுக்கும் கீழ ஒரு சாண் கனத்துக்கு வண்டல், கையில எடுத்துத் தேச்சா வழுவழுன்னு, ஒரு ஓட்டுத் துண்டு கூட இல்ல, அவ்வளவு சுத்தம். ஒரு பெரு வெள்ளம் வந்து தெருவையே மூடிட்டுப் போயிருக்கு. எந்த வருசம், எத்தன பேரு போனான், ஒண்ணும் எழுதி வைக்கல, இந்த ஒரு சாண் மண்ணுதான் சாட்சி. வண்டலுக்குக் கீழ சாம்பல் கலந்த கருப்பு மண்ணு, அடுப்புக் கட்டி, செவப்பு ஓடு, ஒரு வாய் உடைஞ்ச அகல், திரி எரிஞ்ச கரி அப்படியே மூக்குல ஒட்டியிருக்கு. ஏழடியில அரை வட்டமா சுடுமண் உறை தெரிஞ்சுச்சு.

கொத்தனார் எட்டிப் பாத்துட்டு, "தம்பி, இது பழைய உறைகிணறு, மண்ணத் தள்ளி மூடிட்டு காங்கிரீட் போட்டுடுவோம், கெணத்து மேல லிப்ட் வச்சா எறங்கிடும்"னாரு. அவரு சொன்னதுல அர்த்தம் இருக்கு, கிணத்துக்குள்ள இருக்குற மண்ணு லூசா இருக்கும், பாரம் தாங்காது. அதனாலயே அத என்னன்னு பாக்காம மூடறதுதான் ஆபத்துன்னு சொல்லி நிறுத்தினேன். விஏஓகிட்ட எழுதிக் குடுத்தோம், தொல்லியல் அலுவலர் வந்து பாத்தாரு, ரெண்டு நாள் அளவெடுத்து வரைஞ்சு போட்டோ எடுத்தாங்க. உறை மூணு அடுக்குதான் மிச்சம், ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி விளிம்புல பள்ளம் வச்சு சுட்டிருக்கான், நம்ம ஊரு சிமெண்ட் உறைக்கு இன்னிக்கும் அதே வேலைதான். லிப்ட்ட நாலடி தள்ளி வச்சோம், உறைய ஆத்து மணல் கொட்டி மூடி அப்படியே விட்டாச்சு. பங்காளி ஒருத்தருக்கு பார்க்கிங்ல கொஞ்சம் எடம் கொறைஞ்சுச்சு, இன்னும் அதுக்கு என்னைய திட்டுறாரு.

தண்ணி ஊறுமே, நம்ம பக்கம் எப்படித் தோண்டுறது?

நல்ல கேள்வி. ஆத்துல தண்ணி வந்துட்டா டெல்டாவுல நாலடிக்கே குழி கிணறாயிடும். வழக்கமா மேட்டூர ஜூன் 12ல தெறந்து ஜனவரி 28ல மூடுவாங்க, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை, ஆக மாசி பங்குனியிலேர்ந்து வைகாசி வரைக்கும்தான் குழிக்கு நல்ல நேரம். வீடு கட்டுறவங்களும் அந்த நேரத்துலதான் அஸ்திவாரம் வெட்டுவாங்க, ரெண்டும் ஒத்துப் போகுது.

ஈரத்துல ஒரு நல்லதும் இருக்கு. காத்து போகாத சேத்துல மரம் மக்காது. பூம்புகார் பக்கம் கீழையூர்ல 1960கள்ல மத்திய தொல்லியல் துறை தோண்டினப்ப செங்கல் படகுத்துறையோட சேத்து, படகு கட்ட நட்ட பனைமரக் கம்பம் கிடைச்சுச்சு, கார்பன் டேட்டிங்ல கிமு 3ம் நூற்றாண்டு வாக்குல போச்சு. காஞ்ச மேட்டுல அந்தக் கம்பம் எப்பவோ கரையான் தின்னுருக்கும். அதனால உங்க குழியில கருப்பா ஊறின மரக்கட்டை வந்தா வெளிய எடுத்து வெயில்ல போட்டுடாதீங்க, ஒரே நாள்ல வெடிச்சு சுருங்கிடும், ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க.

புதையல் கிடைச்சா யாருக்கு?

வந்துட்டீங்களா. எப்பவும் கடைசியில மெதுவா கேப்பாங்க, ஆனா மனசுல மொத கேள்வி இதுதான்னு தெரியும். சோழருங்க குடந்தையில நிதி வச்சிருந்ததா அகநானூறுல ஒரு பாட்டு இருக்குறதால கும்பகோணத்துக்காரனுக்கு இந்த ஆசை கொஞ்சம் தூக்கல், அந்தக் குடந்தை குடவாசல்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்க ஆசை அவங்களுக்கு.

1878ம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. பூமிக்குள்ள மறைஞ்சிருந்த பொருள், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனா கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலமா சொல்லணும், என்ன பொருள், எவ்வளவு மதிப்பிருக்கும், எங்க, எந்தத் தேதியில கிடைச்சதுன்னு. பத்து ரூபாய்ன்றது 1878ல பெரிய காசு, இன்னிக்கு ஒரு செப்புக்காசே அதத் தாண்டிடும். சொல்லாம மறைச்சா பங்கும் போச்சு, ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. மறைக்க ஒத்துழைச்ச நிலத்துக்காரருக்கு ஆறு மாசம் வரைக்கும். ஒழுங்கா சொல்லி, வேற யாரும் உரிமை கொண்டாடலன்னா, கண்டெடுத்தவருக்கு நாலுல மூணு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, அவங்களுக்குள்ள வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல. அரசே வச்சுக்கணும்னா அந்தப் பொருளோட உலோக மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் குடுத்து எடுத்துக்கலாம். கண்டெடுத்தவர்னா குழி வெட்டின சித்தாளு கூட கண்டெடுத்தவர்தான், மொதலாளி மட்டும்னு நெனைக்காதீங்க.

சாமி சிலை வந்தா?

அந்த நிமிசமே வேலைய நிறுத்திட்டு தாசில்தாருக்குச் சொல்லுங்க. பால் ஊத்தி, மஞ்சள் பூசி, சூடம் காட்டி, சாம்பலும் எலுமிச்சம்பழமும் வச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்கி செல்பி எடுக்கறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. அந்தப் பச்சைக் களிம்பும் ஒட்டியிருக்குற மண்ணும்தான் அது எப்படிக் கிடந்துச்சுன்னு சொல்லும்.

2023 ஏப்ரல்ல சீர்காழி சட்டநாதர் கோயில்ல குடமுழுக்குக்கு யாகசாலை போட மண்ணு எடுத்தப்ப இருபதுக்கு மேல ஐம்பொன் சிலையும் 400க்கு மேல தேவாரச் செப்பேடும் வந்துச்சு. 2010ல மாயவரம் பக்கத்துல கழுக்காணிமுட்டத்துல கோயில் வேலைக்குத் தோண்டினப்ப சோழர் செப்பேடு 85 ஏடு கிடைச்சுச்சு, கூடவே சிலைங்க. ரெண்டுமே யாரும் தேடிப் போகல. கோயிலுக்குன்னா பத்து பேரு கூடி நிக்கிறாங்க, செய்தி வெளிய வந்துடுது. வீட்டு மனையில வந்தா?

தகவல் சொன்னா எடத்தையே எடுத்துக்குவாங்களாமே?

இந்தப் பயம்தான் பாதிப் பானைய லாரியில ஏத்துது. நேரா சொல்றேன். ஒரு உறைகிணறு, கொஞ்சம் ஓடு, ரெண்டு காசு வந்ததுக்கு உங்க வீட்ட யாரும் எடுத்துக்கறதில்ல, பதிவு பண்ணிட்டுப் போயிடுவாங்க. கீழடியில தோண்டின குழிங்க நெறையது தனியார் நிலத்துல, ஆய்வு முடிஞ்சதும் பல குழிய மூடித் திருப்பிக் குடுத்தாங்க. பாதுகாக்கப்பட்ட எடமா அறிவிக்கணும்னா அது தனி நடைமுறை, மத்திய சட்டத்துல அறிவிப்புப் போட்டு ரெண்டு மாசம் ஆட்சேபனைக்கு நேரம் குடுக்கணும்.

ஆனா தாமதமே ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். லோன் வட்டி ஓடும், ஜேசிபி வாடகை ஓடும். எங்களுக்கு அலுவலர் வர்றதுக்கு முன்னாடி நாலு நாள் சும்மா போச்சு. அந்த நாலு நாள கொல்லைப் பக்கம் வேலை பாத்து சமாளிச்சோம், ஒரே குழிய நம்பி எல்லாரையும் நிறுத்தி வைக்காம அட்டவணைய அப்படிப் போட்டுக்கணும்.

பழைய வாரியக் குடியிருப்ப இடிச்சுக் கட்டுறாங்களே, அங்க?

அங்க யோசிக்க வேண்டியது நெறைய. குடிசை மாற்று வாரியம்னு 1970ல ஆரம்பிச்சது, 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாறிச்சு, அந்தக் காலத்துல கட்டின பிளாக்கெல்லாம் கம்பி தெரிஞ்சு தொங்கிட்டு இருக்கு. அங்க இருக்குற சனம் வாடகைக்கு வெளிய போய் ஒவ்வொரு மாசமும் எண்ணிக்கிட்டு இருக்கும், அவங்க கிட்ட போய் "பானை ஓடு பாக்கணும், ஆறு மாசம் பொறுங்க"ன்னு எந்த மூஞ்சிய வச்சுட்டு சொல்றது? நான் சொல்ல மாட்டேன். அதனால பாக்குற வேலை டெண்டருக்கு முன்னாடியே முடியணும். ஆளு காலி பண்றதுக்கு முன்னாடியே ரெக்கார்ட தேடலாம், சாயில் டெஸ்ட் போரப் பாக்கலாம், பிளாக்குக்கு நடுவுல இருக்குற காலி எடத்துல ரெண்டு சோதனைக் குழி போடலாம். பழைய பிளாக்கோட அஸ்திவாரம் போன எடத்துல ஏற்கனவே எல்லாம் கலைஞ்சிருக்கும், நடுவுல இருக்குற முற்றமும் விளையாடுற எடமும்தான் கலையாம இருக்கும்.

இடிக்கும்போது தரை மட்டம் வரைக்கும் இடிச்சு நிறுத்துங்க. தூணுக்கு அடியில போட்ட பழைய காங்கிரீட் புட்டிங்க புடுங்குற வேலைதான் கீழ இருக்குறத கிழிக்கிறது, ஒரு காங்கிரீட் கட்டிய ஜேசிபி நெம்பினா சுத்தி ஆறடி மண்ணு பெரண்டு வரும். அத ஆளு நின்னு பாக்கும்போது மட்டும் செய்யணும். புது கட்டடத்துக்கு பைல், அதாவது ஆழமா எறக்குற காங்கிரீட் தூண் போடுறதா இருந்தா அது எங்க எறங்குதுன்னு நகத்த முடியும், அடித்தளம் பூரா தோண்டி ராப்ட்ன்ற ஒரே காங்கிரீட் பலகையா போட்டா மொத்தமும் லாரியில போயிடும். இத டிசைன் மேசையில பேசினா காசு ஆகாது, ஸ்பாட்ல பேசினா சண்டைதான் ஆகும்.

பானை ஓடு எல்லாம் பழசா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

எல்லாம் பழசில்ல, எங்க அப்பாயி பொங்கலுக்குப் பொங்கல் ஒடைச்சதே ஒரு கூடை தேறும். மேல பாத்தாவே சொல்லக்கூடியது சிலது: உள்பக்கம் பூரா கருப்பு, வெளிப்பக்கம் வாய் கருப்பு கீழ செவப்புன்னா கறுப்பு சிவப்பு பானை, அது வந்தா உடனே கூப்பிடுங்க. மெல்லிசா சாம்பல் நிறத்துல, தட்டோட உள்ள வட்ட வட்டமா சின்னக் கோடு பல்லுப் பல்லா ஓடினா அது ரவுலட்டட் ஓடு, கடல் வணிகம் நடந்த காலம். வெள்ளையா, பளபளன்னு, இல்ல பச்சை மெருகோட இருந்தா சீனப் பாத்திரமா இருக்கலாம், சோழர் காலத்துலேர்ந்தே வந்திருக்கு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம்னா டச்சுக்காரன், டேனிஷ்காரன் காசும் வரும். செங்கல் வந்தா அளந்து பாருங்க, கீழடி செங்கல் 38 சென்டிமீட்டர் நீளம், 23 அகலம், 6 கனம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா, பரந்து தட்டையா ஒரு செங்கல் வந்தா அது உங்க தாத்தா வீட்டுது இல்ல.

ஓட்டுல கீறல் இருந்தா ஈரத்தோட தேய்க்காதீங்க, எழுத்தா இருந்தாலும் இருக்கும்.

எலும்பு வந்தா?

மொதல்ல போலீஸ். பழசா புதுசான்னு நீங்களோ நானோ முடிவு பண்ற விசயம் இல்ல. முதுமக்கள் தாழிக்குள்ள இருந்தா பழசுன்னு தெரியும், அப்பவும் சொல்லிடுங்க. "பொணம் இருந்த மனை ஆகாது"ன்னு ஜோசியர் சொன்னா, இந்த டெல்டாவுல ஆகுற மனை எதுன்னு அவரையே கேளுங்க.

கிடைச்ச பொருள ஷோகேஸ்ல வச்சுக்கலாமா? விக்கலாமா?

நூறு வருசம் தாண்டின சிலை, காசு, கைவேலைப் பொருள் எல்லாம் 1972ம் வருசத்துச் சட்டப்படி தொல்பொருள், ஓலைச்சுவடின்னா 75 வருசம் போதும். வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பழைய காசு வாங்குறேன்னு கொல்லைப்பக்கமா வர்ற ஆசாமிங்கள வாசலோட அனுப்பிடுங்க.

யாருக்கு, எப்படிச் சொல்றது? கான்ட்ராக்டர்கிட்ட என்ன சொல்லி வைக்கணும்?

விஏஓ, தாசில்தார், கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொல்லியல் அலுவலர். வாயில சொன்னா காத்தோட போயிடும், ஒரு பக்கம் எழுதி நகல்ல சீல் வாங்கிக்குங்க: சர்வே நம்பர், தேதி, எத்தன அடி ஆழம், என்ன வந்துச்சு. போட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஒரு ஸ்கேலோ பேனாவோ வச்சு எடுங்க, வெறும் போட்டோவுல சட்டியா அண்டாவான்னே தெரியாது. குழிய தூரத்துலேர்ந்து ஒண்ணு, கிட்டத்துலேர்ந்து ஒண்ணு.

கான்ட்ராக்டர்கிட்ட ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரி சேத்துடுங்க, பழைய பொருள் வந்தா வேலை நிக்கும், அந்த நாளுக்கு என்ன கணக்குன்னு. ஜேசிபி டிரைவர்கிட்ட தனியா பேசுங்க, முதலாளிகிட்ட பேசுறத விட அதுதான் வேலைக்கு ஆகும். பக்கெட்டுல பல்லு இல்லாம தட்டையா ஒரு பிளேட் வெல்டிங் வச்சு, ஒரே வெட்டா வெட்டாம அரையடி அரையடியா சுரண்டச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வந்த டிரைவர் தம்பிக்கு அந்த உறைய பாத்ததுலேர்ந்து ஒரு கண்ணு வந்துடுச்சு, போன மாசம் வேற ஒரு மனையிலேர்ந்து போன் பண்றாரு, "சார், ஓடு ஓடா வருது, நிறுத்தி வச்சிருக்கேன், வர்றீங்களா"ன்னு. வண்டிய எடுத்துட்டு ஓடினேன். போய் பாத்தா கூரையில போடுற நாட்டு ஓடு, அறுபது வருசம் இருந்தா அதிகம். டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.